உப்பில்லாத கட்டாத் தோல்

ராத்தா,

நேற்று நூல் வாங்கப் புத்தளம் டவுனுக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு புதுக்கடை திறந்திருக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் மட்டும் சாமான் விற்கிற கடை. நாய்க்குச் சட்டை, நாய்க்குச் சீப்பு, நாய் படுக்க மெத்தை. நீங்கள் இருந்திருந்தால் வாசலில் நின்று கன்னத்தில் கை வைத்திருப்பீர்கள். வெயிலுக்கு ஒதுங்குகிற சாட்டில் நான் உள்ளே போனேன். ஒரு கம்பியில் வரிசையாகப் பைக்கற்றுகள் தொங்கின. ஒன்றின் மேல் ஒரு வெளிநாட்டு நாய் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கண்ணாடித்தாளுக்குள் இருந்தது காய்ந்த மீன் தோல். மூன்று பிரியாகப் பின்னிய மீன் தோல்.

"அன்ரி, இது ஸ்பெஷல். நாய் கடிக்கிறதுக்கு. உப்பு இல்ல, வயித்துக்கு ஒண்டும் செய்யாது" என்றாள் கடையில் நின்ற பிள்ளை.

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள். பைக்கற்றை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. உங்களுடையது அப்படியா? நம் ஊர் ஆலங்குடா முழுக்க நாறியதே. பைக்கற்றைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தி திரும்பும் வரைக்கும் சிரிப்புத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி, "தலையிடியா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? நாய் கடிக்கிற தோலைப் பார்த்து அழுகிறேன் என்றா?

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் மௌத்தாகி, கண்ணை மூடி, இரண்டு வருசமாகிறது. உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு கதை என்னிடம் இருக்கிறது.

என் நாய் புட்டுவை எனக்குத் தந்ததே நீங்கள்தான். உங்கள் கருவாட்டு வாடியில், மீன் காய்கிற பந்தலுக்குக் கீழே குட்டியாகக் கிடந்தவனை ஒரு தடியால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து, நம் இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த கிடுகு வேலியின் ஓட்டையால் என் பக்கம் விட்டீர்கள். "இந்தா தங்கச்சி, ஒனக்கு ஒரு புள்ள" என்றீர்கள். என்னவர் நெஞ்சுவலியில் போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ஆருடனும் கதைக்காமல், வெள்ளைக்காரர் கடலில் கட்டிக்கொண்டு ஓடுகிற அந்தப் பெரிய பட்டங்களின் கிழிசலைத் தைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்த காலம். வெள்ளை உடம்பில் அங்கங்கே மண்ணிறத் திட்டு. தேங்காய்ப்பூப் போட்ட குரக்கன் புட்டைக் கொட்டியது போல இருந்தான். பெயர் தன்பாட்டில் வந்தது.

நாயைத் தொடுவது உங்களுக்கு ஆகாது. அது உங்கள் மார்க்கம். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஒருநாள் அவன் ஓடிவந்து உங்கள் கையை நக்கிவிட்டான். நீங்கள் கிணற்றடியில் நின்று ஏழுதரம் கழுவினீர்கள். அதில் ஒருதரம் மண் போட்டு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேண்டுமென்றே பிழையாக எண்ணினேன். "நாலு... அஞ்சு... நாலு..." கடைசியில் உங்களுக்கே கணக்குப் பிசகி, முதலிலிருந்து தொடங்கினீர்கள். "ஒன்ட நாயும் சரியில்ல, நீயும் சரியில்ல" என்று ஏசினீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு முன்னால் இரண்டு முழம் தள்ளி நிற்க அவனே பழகிக்கொண்டான். நானும் பழக்கவில்லை, நீங்களும் பழக்கவில்லை. வாலை மட்டும் மணலில் அடிப்பான். நீங்கள் அங்கே நின்றபடியே அவனுடன் நாள் முழுக்கக் கதைப்பீர்கள்.

இரண்டு வயதில் அவனுக்கு வயிறு பழுதாகியது. என்ன தின்றாலும் கழிச்சல், சிலநாள் இரத்தமும் போகும். விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டான். திறீவீலில் ஏற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் போனேன். மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பிள்ளை, தமிழ் நல்லாகப் பேசினாள். நாயையும் மரியாதையாகத்தான் சொன்னாள். "அம்மா, இவருக்குக் குடல்ல வருத்தம். சுகமாக்க ஏலாது, சமாளிக்கலாம். மாடு, கோழி, பால், பாண் எல்லாம் நிப்பாட்டுங்க. சோறும் அவிச்ச மீனும் மட்டும். உப்பு போடவே வேணாம். வாழ்க்கை முழுக்க."

சாப்பாடு பிரச்சினையாக இருக்கவில்லை. கடிக்கிறதுதான் பிரச்சினை. அவனுக்கு எந்நேரமும் வாயில் ஒன்று வேண்டும். செருப்பு, வலை மிதப்பு, என் மெஷினின் கால்மிதி, பட்டத்து வார், எல்லாவற்றையும் கடித்தான். ஒருதரம் நைலோன் கயிற்றில் ஒரு முழத்தை விழுங்கிவிட்டான். அதை எடுத்த அன்று அந்த டொக்டர் பிள்ளை என்னை இருத்தி வைத்துச் சொன்னாள். "கடிக்க ஒண்டும் குடுக்காட்டி இவர் கண்டதையும் திண்பார். இன்னொருக்கா இப்பிடி அடைச்சா ஒப்பரேஷன்தான். இந்த உடம்பு தாங்காது. ஏதாவது ஒண்டு தேடுங்க. லேசில உடையக்கூடாது. கல்லு மாதிரியும் இருக்கக்கூடாது, நகத்தால அமுக்கினா கொஞ்சம் பதியணும். ஒரே வாயில விழுங்கிற அளவும் வேணாம்."

அதை நான் உங்களிடம் ஒப்புவித்தபோது நீங்கள் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தீர்கள். "மாப்பிள்ளை தேடுற மாதிரி இரிக்கி. மெதுவாவும் இரிக்கணும், கடினமாவும் இரிக்கணும்" என்றீர்கள்.

நாங்கள் தேடிய தேட்டம் இருக்கிறதே! தேங்காய் மட்டை கொடுத்தேன். தும்பு தும்பாக வாந்தி எடுத்தான். கற்பிட்டி இறைச்சிக்கடையில் கேட்டு வாங்கிய ஆட்டு முழங்கால் எலும்பு ஒரு பின்னேரத்தில் கூராக உடைந்தது. அன்றைக்கும் இரத்தம். பட்டம் விட வந்த ஒரு வெள்ளைக்காரி, வெள்ளையாக முடிச்சுப் போட்ட தோல் எலும்பு ஒன்றைத் தந்தாள். மாட்டுத்தோல் என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன். அது வயிற்றுக்குள் ஊதி, ஒரு கிழமை அவன் எழும்பவில்லை. டயர்த் துண்டைக் கொண்டுவந்தது நீங்கள். கறுப்புக் கறுப்பாகப் பிய்ந்தது. ஒவ்வொன்றையும் கொடுக்க முன்னர் நீங்கள் பெருவிரல் நகத்தால் அமுக்கிப் பார்ப்பீர்கள். அந்த நகம் கறுத்தே போயிற்று.

எனக்கு அப்போது இருந்த பயத்தை உங்களுக்குத் தவிர ஆருக்கும் சொல்லவில்லை. ஒரு நாய்க்கா இந்தப் பாடு என்று சனம் கேட்கும். அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிற இன்னொன்று அவன்தான். விடியற்காலையில் கண் விழித்தால் முதலில் கையை நீட்டி அவன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அவன் போனால் நான் திரும்ப அந்த மெஷின் கதிரையில் போய்க் குந்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

யோசனை உங்களுடையது. ஒருநாள் கரைக்குக் கட்டா மீன் நிறைய வந்திருந்தது. நீங்கள் ஒன்றின் தோலை உரித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தீர்கள். அறவில்லை. "தங்கச்சி, இங்க வா" என்று கூப்பிட்டீர்கள். "அவனுக்கு மீன்தானே சேரும்? இந்தத் தோல் செருப்புத் தோல் மாதிரி. பின்னிக் காய வச்சா ஒரு கிழமைக்குக் கடிப்பான். உள்ளுக்குப் போனாலும் மீன்தானே."

"உப்பு?" என்று கேட்டேன்.

"உப்பில்லாமத்தான்" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்களே ஒருகணம் யோசித்தீர்கள். உப்பில்லாமல் கருவாடு போடுவது என்றால் உங்களுக்கு மாவில்லாமல் பாண் போடுவது மாதிரி. உங்களிடம் வேலைக்கு வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் காதில் வாங்கவில்லை. உங்கள் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் தலை பின்னிய கை அது. தோல்களை நீட்டாகக் கிழித்து, இறுக்கிப் பின்னி, நுனியில் முடிச்சுப் போட்டு, தனியாக ஒரு பாயில் காய வைத்தீர்கள். காகம் வராமல் பக்கத்திலேயே குந்தியிருந்தீர்கள்.

மூன்றாம் நாள் ஒன்றை அவனிடம் எறிந்தீர்கள். அவன் அதை இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டு படுத்தான். கடித்தான். உடையவில்லை. பின்னேரம் வரைக்கும் கடித்தான், அடுத்த நாளும் கடித்தான். நாம் இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, பிள்ளை முதல் அடி வைக்கிறதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தோம்.

கடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் இராத்திரி வாந்தி தொடங்கியது. விடியும்போது அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. நாக்கு வெளியே கிடந்தது. நான் அவனைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்கு ஓடினேன். டொக்டர் பிள்ளை நான் கொண்டுபோன பின்னலை நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அம்மா, இது உப்பு. நான் உப்பு வேணாம் எண்டு சொன்னதுதானே?" உப்பால் வந்த வருத்தத்துக்குச் சேலைனும் ஏற்றினாள். தப்புவானா என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

அவனை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்து நான் செய்ததைத்தான் இப்போது எழுத வேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது.

நீங்கள் வாடி வாசலில் நின்றீர்கள். "எப்பிடி இரிக்கான்?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தீர்கள். வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். நான் பின்னலை உங்கள் காலடியில் எறிந்தேன். "உப்புப் போட்டிருக்கிறியள்" என்றேன். இல்லை என்றீர்கள். அல்லாஹ் மேல் ஆணையாக இல்லை என்றீர்கள். அப்போது நான் சொன்னேன்: "உங்கட ஆக்களுக்கு நாயெண்டா ஆகாதுதானே. வேணுமெண்டே செய்தனீங்களோ?"

நீங்கள் குனிந்து அந்தப் பின்னலை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள்.

உங்கட ஆக்கள். ராத்தா, அந்தச் சொல்லை நீங்கள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல உங்களுக்குக் காரணம் இருந்தது. மன்னாரிலிருந்து முஸ்லிம் என்பதற்காக உங்களை வெளிக்கிடச் சொன்ன துவக்குக்காரர் எங்கட ஆக்கள். கைப்பிள்ளையும் ஒரு உடுப்புப் பையுமாக வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, மழையில் ஓலைக்குக் கீழே கிடந்த கதையை நீங்கள் எனக்குச் சொல்லும்போதெல்லாம் "அவங்க" என்றுதான் சொன்னீர்கள். பிறகு நான் முல்லைத்தீவிலிருந்து அதே மாதிரி ஒரு பையுடன் வந்து உங்கள் வேலிக்குப் பக்கத்தில் குடியேறியபோது, முதல் நாள் சோறு அனுப்பியதும் நீங்கள்தான். அத்தனை வருசம் நீங்கள் சொல்லாத சொல்லை ஒரு மீன் தோலுக்காக நான் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

புட்டு தப்பினான். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்கவில்லை. அவன் வேலி ஓட்டைக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டு வாலை அடித்தான். எனக்கு அவனைப் பார்க்கவே ஆத்திரம் வந்தது.

நான்காம் நாள் பின்னேரம் நீங்களே வந்தீர்கள். மறுநாள் நோன்பு தொடங்குகிறது. நோன்புக்கு முதல்நாள் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது உங்கள் வழக்கம். என் வீட்டுக்கும் ஒவ்வொரு வருசமும் வருவீர்கள். அந்த வருசம் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வாசலில் நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "தங்கச்சி, மாப்புத் தா" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்த. உப்பு போடல்லதான். ஆனா தோல உரிச்சுக் கடல் தண்ணிலதான் அலசின. வாளில ஊறவும் போட்ட. எல்லா மீனையும் அப்பிடித்தானே செய்ற. கை தன்பாட்டுல போய்ட்டுது புள்ள. கடல்ல உப்பு இரிக்கி எண்டு ஒருக்காக்கூட மண்டைக்கு வரல்ல."

நான் அப்போது உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது "நான் சொன்னது பிழை, ராத்தா" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "அதுக்கென்ன, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றேன். நீங்கள் இருந்தீர்கள். குடித்தீர்கள். சீனி காணாது என்றீர்கள். பிழை செய்தவள் நான். மன்னிப்புக் கேட்டது நீங்கள். நான் பெரிய மனுசி மாதிரி மன்னித்தும் விட்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. நீங்கள் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. வேணுமென்று செய்தீர்கள் என்று நினைக்கவில்லை, அது சத்தியம். ஆனாலும் கடலில் உப்பு இருப்பது ஒரு மனுசிக்கு எப்படி மறக்கும் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன முள் குத்திக்கொண்டே இருந்தது. அக்கறை இருந்தால் மறந்திருப்பாவா என்று. அந்த முள்ளோடேதான் அதற்குப் பிறகு உங்களுடன் சிரித்தேன், கதைத்தேன், உங்கள் நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடித்தேன்.

நீங்கள் விடவில்லை. நோன்பிலேயே இரண்டாம் தரம் தொடங்கினீர்கள். கிணற்றுத் தண்ணீரில் ஆறுதரம் அலசினீர்கள். பழைய பாயில் உப்பு ஊறியிருக்கும் என்று புதுப் பாய் வாங்கினீர்கள். உப்பு இல்லாததால் ஈ மொய்த்துப் புழு விழுந்தது. அதைக் குழி வெட்டிப் புதைத்தீர்கள். மூன்றாம் தரத்துக்கு நான் கொசுவலைத் துணியில் ஒரு பெட்டி மாதிரித் தைத்துத் தந்தேன். ஈ போகாது. ஆனால் உப்பில்லாத தோல் உட்பக்கம் காயாமல் பிசுபிசுத்தது. அப்போதுதான் நீங்கள் பேக்கரி முதலாளியிடம் போனீர்கள். பாண் சுட்டு எடுத்த பிறகு போறணையில் சூடு மிச்சம் இருக்கும்தானே, அதற்குள் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். என்ன தட்டு என்றதற்கு, "ஒரு நோயாளிக்கு மருந்து" என்றீர்கள். மறுநாள் ஆலங்குடாவில் பாண் வாங்கிய சனம் எல்லாம் மோந்து மோந்து பார்த்தது. முதலாளி உங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"எந்த நோயாளிம்மா அது?"

"வயித்து நோயாளி" என்றீர்கள்.

"எத்தன கால் அந்த நோயாளிக்கு?"

முதலாளி இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்த புட்டுவைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், சிரித்தே விட்டார். வெள்ளிக்கிழமைகளில் பேக்கரி பூட்டு. வியாழக்கிழமைக் கடைசிச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளி முழுக்கப் போறணையைத் திறந்து விடலாம் என்று அவரே வழி சொன்னார். அப்படித்தான் அது சரிவந்தது. நகம் லேசாகப் பதிகிற, உடையாத, உப்பில்லாத பின்னல். புட்டு நாலு நாள் கடித்தான். வாந்தி இல்லை. கழிச்சல் இல்லை. எட்டாம் நாள் டொக்டர் பிள்ளை நிறுத்துப் பார்த்துவிட்டு, "இவருக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த அம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றாள். உங்களிடம் வந்து சொன்னபோது, "எனக்கென்ன, கழுத்தில பட்டியா போடப் போறா?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு கயிறும் இல்லை, செருப்பும் இல்லை. ஒவ்வொரு மாதமும் பழைய பிஸ்கட் தகரத்தில் பின்னல் வந்துகொண்டே இருந்தது. உங்களுக்குச் சீனி வருத்தம் கூடி, கால் விரல் எடுத்த பிறகும் வந்தது. கடைசியாகச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அன்று, வானுக்குள் இருந்தபடியே மகளிடம், "தகரத்த அடுத்த ஊட்டுக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கேட்டது. நான் கையைக் காட்டினேன். நீங்கள் திரும்பி வரவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்து உங்கள் மூத்த மகள் இன்னொரு தகரம் கொண்டுவந்தாள். அலுமாரிக்கு மேல் இருந்ததாம். என் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். குடித்துக்கொண்டே சிரித்தாள். "அன்ரிக்குத் தெரியுமா? உம்மா இதில ஒவ்வொண்டையும் நாக்கில வச்சுப் பாத்துத்தான் தகரத்துல போடுவா. உப்பு இரிக்கா எண்டு. மொதல் செஞ்ச வருசம் நோன்புதானே, பகல்ல பாக்க ஏலாது. நோன்பு தொறக்கிற நேரம் பேரீச்சம்பழம் ஒண்டு, ஒரு மொடக்குத் தண்ணி, அதுக்குப் பொறகு நாய்க்குச் செஞ்ச தோல். நாங்க எல்லாரும் சிரிச்ச. உம்மா சிரிக்கல்ல. இன்னொருக்கா அந்தப் புள்ளைக்கு அப்பிடி ஒரு பயம் வரக்கூடாது எண்டு சொன்னா."

அவள் போன பிறகு நான் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அப்போதும் அந்த முள் முழுக்கப் போகவில்லை என்றால் நம்புவீர்களா? மனுசர் மனம் அவ்வளவு கேவலமானது. பிறகு இவ்வளவு பாடுபட்டவ முதலில் ஏன் கவனிக்கவில்லை என்று அது கேட்டது.

சிக்கனமாக வெட்டி வெட்டிக் கொடுத்தும் மூன்று மாதத்தில் தகரம் முடிந்துவிட்டது. புட்டு திரும்ப என் மெஷின் வாரைக் கடிக்கத் தொடங்கினான். அவனுக்கு இப்போது வயது போய்விட்டது, குடல் முந்தியதை விட மோசம். இனி நான்தான் செய்ய வேண்டும் என்று ஒரு காலையில் கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்திருந்தன. நல்ல கட்டாவாக மூன்று வாங்கி, கரையிலேயே குந்தித் தோலை உரித்தேன். என் ஐயா முல்லைத்தீவில் கடலுக்குப் போனவர். பத்துப் பன்னிரண்டு வயதில் அவர் கொண்டுவருகிற மீனை நான்தான் வெட்டி அலசுவேன். அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் நான் கரையில் மீன் தொட்டதில்லை. கத்தி பிடிக்கக் கைக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. தோல் ஒரே இழுவையில் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு, சீலையை முழங்காலுக்கு மேல் செருகி, தண்ணீருக்குள் இறங்கி, தோலை அலையில் போட்டு ஒருதரம் உதறினேன். இரண்டுதரம் உதறினேன்.

மூன்றாம் தரம் உதறும்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

ராத்தா, இந்த ஊரில் கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். அந்த உப்புக்காக நாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடியவள் நான். அந்த உப்புக்காக உங்களைச் சனத்துக்கு முன்னால் அவமானப்படுத்தியவள் நான். எத்தனையோ இரவு அதையே நினைத்துப் படுத்தவள் நான். அக்கறை இல்லாமலா போனேன்? அவனுக்காகத்தானே கரைக்கு வந்தேன்? அப்படியிருந்தும் என் கை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மீனைக் கண்டது, கடலைக் கண்டது, தன்பாட்டில் போய்விட்டது.

நான் தண்ணீருக்குள்ளேயே குந்திவிட்டேன். வலை இழுத்த ஆட்கள் விழுந்துவிட்டேன் என்று ஓடிவந்தார்கள். ஒன்றுமில்லை, கால் வழுக்கியது என்றேன். பிறகு அந்தத் தோலைக் கிணற்றுத் தண்ணீரில் ஆறுதரம் அலசிப் பின்னினேன், இன்றைக்கும் புட்டு கடிப்பது என் பின்னலைத்தான்.

அன்றைக்கு வாடி வாசலில் நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். வேணுமெண்டே செய்தனீங்களோ என்று. நீங்கள் உண்மையைச் சொன்னபோதும் அது எனக்குப் போதவில்லை. பதில் முப்பது வருசமாக என் கையிலேயே இருந்திருக்கிறது, ராத்தா. அது தெரியவந்த நேரத்தில் சொல்ல நீங்கள் இல்லை. உங்கள் மகளிடம் போய்ச் சொன்னேன். வாடியில் இப்போது வேலை செய்கிற பெண்களுக்கும், அன்று அங்கே நின்ற இரண்டு பேரைத் தேடிப் போயும் சொன்னேன், நான் சொன்னது பொய் என்று. அவர்களுக்கு அது மறந்தே போயிருந்தது. எனக்கு மறக்காது. எனக்கு மறக்கவும் வேண்டாம்.

என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. அன்றைக்குத் தேத்தண்ணி போட எழும்பாமல் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.